பெண்ணாகடத்து ஆசிரியரும் இடம் வேண்டி நிற்கும் மாணாக்கரும்

நம் கல்லூரியில் தத்துவ நூல் பயின்று பட்டம் பெற்றோருட் சிலர், மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கட்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் விடுக்கின்றனர். மார்கழியை ஒட்டி விண்ணப்பம் செல்லும். மாசி, பங்குனித் திங்கள்களில் விடை வரும். இடம் பெற்றோர் அதனைக் கொள்ளுதலோ விடுத்தலோ ஏப்ரல் 15 ஆம் நாளுக்குள் தெரிவித்தல் அங்குப் பெரும்பாலும் வழக்கமாதலின், காத்திருப்போர் வரிசையில் வைக்கப்பட்டவர்க்குச் சித்திரை பிறக்குங்காறும் உறக்கம் இல்லை.

இவ்வாண்டு பங்குனியில் அத்தகையார் ஒருவர் எம்மிடம் வந்தார். “ஐயா, ஒன்பது இடங்கட்கு எழுதினேன். ஐந்து இடத்தார் இல்லையென்றனர். மூன்று இடத்தார் வாய் திறந்திலர். ஓரிடத்தார் காத்திருக்கச் சொல்லினர். தத்துவம் பயிலும் தகுதி எனக்கு இல்லையென்பதுதானே இதன் பொருள்?” என்றார். அவர் பெண்ணாடத்தை அடுத்த சிற்றூரினர். ஆதலின் அவர்தம் ஊர்ச் செய்தி கொண்டே விடை கூறத் துணிந்தோம். அதனை ஈண்டு விரித்தெழுதுகின்றோம்.

வெள்ளாற்றங் கரையிலுள்ள பெண்ணாகடமே இந்நாளில் பெண்ணாடம் என வழங்குவது. யானையின் முதுகு போன்ற விமானம் உடைமையால் அவ்வூர்க் கோயில் தூங்கானைமாடம் எனப்படும். சமணம் விடுத்து மீண்ட திருநாவுக்கரசர், சூலமும் இடபமும் ஆகிய இலச்சினை தம் தோளிற் பொறிக்கப்பட வேண்டுமென விண்ணப்பித்துப் பெற்றது இத்தலத்தே என்று பெரியபுராணம் கூறும். விண்ணப்பமும் இசைவும் அவ்வூர்க்குப் புதியன அல்ல.

எனினும் நம் பொருளுக்கு வேண்டுவது மெய்கண்டார் வரலாறே. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய இவர், பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகனாராய்த் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் மாமன் மனையில் வளர்ந்தார். இளங் குழவிப் பருவத்திலேயே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்றார் என்பது மரபு. பன்னிரண்டு சூத்திரங்களால் ஆகிய சிவஞானபோதம் இவர் அருளியது. இவர் குடும்பத்துக் குருவோ திருத்துறையூரிலிருந்த சகலாகம பண்டிதர், ஆகமங்கள் இருபத்தெட்டும் கற்றுத் துறைபோயவர், ஆண்டாலும் மூத்தவர். தம் மாணாக்கர் ஒவ்வொருவராய்க் குழந்தை ஆசிரியர்பால் செல்லக் கண்டு பொறாதவராய்த் திருவெண்ணெய்நல்லூர் போந்தார். மெய்கண்டார் அப்போது ஆணவ மலத்தின் இயல்பை உரைத்துக்கொண்டிருந்தார். “ஆணவத்தின் சொரூபம் யாது?” எனப் பண்டிதர் இடைமறித்தார். மெய்கண்டார் ஒன்றும் உரையாமல், அவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். பண்டிதர் அடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியர் என்னும் பெயரும் பெற்றார்.

இதனைச் செருக்கடங்கிய கதையென்று மட்டும் கொள்வார் பலர். தத்துவ மாணாக்கர் சற்று நின்று நோக்கல் வேண்டும். ஆணவமாவது அறிவை மறைப்பது. மறைக்கும் இருளைப் பிறிதொரு பொருள்போல் எடுத்துக் காட்டுதல் எவ்வாறு இயலும்? வினாவுவோன் தானே அதனுள் நிற்கின்றானாதலின், சொல்லால் வரும் எவ்விடையும் அவனுக்குப் புறத்ததாகும். ஆகவே அந்நோக்கே விடையாயிற்று. மேலும், அங்கே ‘கொண்டேன்’ என ஆசிரியர் கூறவில்லை. மாணாக்கரே தம்மைக் கொடுத்தார்.

இக்கதை கேட்ட நம் இளைஞர், “அங்ஙனமாயின் அம்மூன்று இடத்தாரின் மௌனமும் என்னை நோக்கியதுதானே? பக்குவம் எய்தாதவனென்று விடுத்தனர் போலும்” என்றார். இவ்விடத்தேதான் அவர் பிழைபட்டார். அவர்போல் பலரும் பிழைபடுவர். மலபரிபாகமும் இருவினையொப்பும் வந்தவிடத்தே சத்திநிபாதம் நிகழும் என்பது சித்தாந்தம். ஆசிரியன் அப்பக்குவம் அறிந்து வருவான். ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன் குலம் மறந்த அரசிளங்குமரனுக்கு அவன் யாரென உணர்த்துமாறு போல என்பது எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அந்நோக்கில் ஆளைக் காணும் கண் உண்டு. கடல்கடந்த குழுவினரோ ஆளைக் காணார். கட்டுரை ஒன்று, நோக்கவுரை ஒன்று, ஆசிரியர் மூவர் தந்த கடிதங்கள், மதிப்பெண் தாள் ஆகியவற்றையே காண்பர். புகழ்பெற்ற துறைகளிற் சில நூற்றுவர் விண்ணப்பிக்கக் கொள்ளப்படுவோர் பதின்மரினும் குறைவு. உதவித்தொகை அத்துணையர்க்கே உண்டு. மெய்கண்டார்க்கு மாணாக்கர் நாற்பத்தொன்பதின்மர் என்பர். ஐம்பதாமவர் வந்திருப்பின் பணமில்லையென்று அவரை விலக்கியிரார். ஆகவே தாளுக்கு வந்த மறுப்பை உயிருக்கு வந்த தீர்ப்பாக எண்ணுதல் அளவை நூல் ஒப்பாத ஏதுப்போலி.

பண்டையோர் முறையே குற்றமற்றது எனவும் யாம் கூறோம். நூல் கற்பிக்கத் தக்கார் இவர் என நன்னூலார் வகுக்குமிடத்து, ஆசானின் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன் ஆகியோரும் வரிசையில் உளர். சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோன் இறுதியில் நிற்கின்றான்! வகுப்பில் இதனை நடத்துங்கால் முன்வரிசையிலும் நகை எழும்.

வாயில் அடைபட்டவர்க்கு மரபே வேறு வழி திறந்ததும் உண்டு. மெய்கண்டார் வழியில் மூன்றாமவராகிய மறைஞான சம்பந்தரும் பெண்ணாகடத்தோடு தொடர்புடையவரே. தில்லைவாழந்தணராகிய உமாபதியார் பகலிற் பந்தம் பிடிக்கச் சிவிகையில் வருங்கால், அதனை எள்ளி இவர் கூறிய ஒரு சொற் கேட்டு இறங்கிப் பின்தொடர்ந்தார். குரு நெய்வோர் தெருவிற் கூழ் வாங்கிக் கையால் உண்ண, முழங்கை வழியே ஒழுகியதை உமாபதியார் ஏந்திப் பருகினார். அதனாலே தம் சுற்றத்தாரால் விலக்குண்டு கொற்றவன்குடியில் வாழ்ந்தார். சித்தாந்த சாத்திரம் பதினான்கில் எட்டு இவர் இயற்றியன. அவற்றுள் சங்கற்ப நிராகரணம் 1313 ஆம் ஆண்டினது. பின்னர் விறகு சுமக்கும் பெற்றான் சாம்பான் என்பார் தீக்கை வேண்டி இவரிடம் வந்தபோது, கையிற் கொணர்ந்தது தில்லைக் கூத்தன் தந்த ஓலை என்பர். பரிந்துரைக் கடிதம் ஆண்டுதோறும் எழுதும் எம்போல்வார்க்கு அவ்வோலையின்மேல் சிறிது பொறாமையும் உண்டு.

பிற்காலத்தே ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1854 ஆம் ஆண்டளவிற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1895 இல் மீண்டும் அதனை மொழிபெயர்த்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை முன்சீபாய் இருந்தவர். வழக்குத் தீர்ப்பதே அவர்தம் தொழில்.

இவையெல்லாம் கேட்ட இளைஞர், “காத்திருக்கும் நாளில் யான் யாது செய்வது?” என்றார். அருணந்தியார் அடியில் வீழ்ந்த பின் எழுதிய சிவஞானசித்தியாரின் பரபக்கத்தை அவர் கையில் தந்தோம். மறுக்கப்படும் மதம் பதினான்கு. ஒவ்வொன்றையும் முதலில் அம்மதத்தார் வாய்மொழியாக நிறுத்திய பின்னரே ஆசிரியர் மறுப்பார். நாளொரு பகுதியாகப் படித்துக் குறிப்பெழுதுமாறு பணித்தோம். இதனை எழுதும் இன்று சித்திரை முதல்நாள். அவர் உலகாயதனைக் கடந்து பௌத்தர் நால்வரிடை நிற்கின்றார். சௌத்திராந்திகன் வாதத்தில் ஓர் ஐயம் என்று நேற்று மாலை வந்திருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து விடை இன்னும் வரவில்லை.