குற்றச்சாட்டும் எதிர்வாதமும்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று விலக்கப்பட்டு, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பிரிவுகளின் எண்கள் மாறினவேயன்றி, எது குற்றம், எது குற்றமன்று என்பதற்கான அடிப்படைக் கோட்பாடுகள் பெரும்பாலும் மாறவில்லை. அந்தத் தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் இன்றும் பழைய சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன.

கிராமப்புறக் காவல் நிலையங்களில் மிகுதியாகப் பதிவாகும் வழக்குகளுள் ஒன்று திருட்டு. பிறர் வசமுள்ள அசையும் பொருளை, அவரது இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் அகற்றுவதே திருட்டு என்பது சட்டத்தின் விளக்கம். இக்கூறுகளுள் ஒன்று குறைந்தாலும் குற்றச்சாட்டு நிலைக்காது. வரப்புத் தகராறில் ஒருவர் ஒரு மரத்தை வெட்டி எடுத்துச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். வேரோடு நிற்கும் வரை அது அசையாப் பொருள். வெட்டியதும் அசையும் பொருளாகிவிடுகிறது. எனினும், அந்த நிலம் தமக்குரியது என்று அவர் மெய்யாகவே நம்பியிருந்தால் நேர்மையற்ற எண்ணம் இல்லை. எனவே திருட்டும் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டிய எத்தனையோ தகராறுகள் திருட்டு வழக்காக உருவெடுப்பதற்கு இந்த நுட்பம் உணரப்படாமையே காரணம். திருட்டுக்கு உச்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால் சமூகச் சேவையே தண்டனையாகும். இது புதிய சட்டம் கொண்டுவந்த பயனுள்ள மாற்றம்.

அடிதடி வழக்குகளில் பெரிதும் எழுப்பப்படுவது தற்காப்பு வாதம். தம் உடலையும் உடைமையையும் மட்டுமன்றிப் பிறருடையவற்றையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால், காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிய பலத்தை அது அனுமதிப்பதில்லை. காவல் துறையின் உதவியை நாட அவகாசம் இருந்த இடத்திலும் அந்த உரிமை எழாது. தாக்கியவன் ஓய்ந்த பின் விழும் அடி பழிவாங்கலே ஆகும்.

நிகழ்வு பற்றிய பிழையான நம்பிக்கையும் ஓர் எதிர்வாதமாகும். இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று ஒரிசாவில் எழுந்தது. கைவிடப்பட்ட ஒரு விமானத்தளத்தில் கிடந்த பழைய இரும்பை வாங்க 1958ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து வந்த வணிகர் ஒருவருடன், நேபாளப் பணியாள் ஒருவரும் வந்திருந்தார். அப்பகுதியில் பேய்கள் உலவுவதாக ஊரார் உறுதியாக நம்பினர். ஓர் இரவில் பேய்களைக் காணச் சென்றவர்கள், தொலைவில் அசையும் ஒளியையும் அதனைச் சுற்றி ஆடும் உருவங்களையும் கண்டனர். பணியாள் குக்ரிக் கத்தியுடன் பாய்ந்து தாக்கினார். அங்கிருந்தவர்களோ, அரிக்கேன் விளக்கொளியில் இலுப்பைப் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமுற்றனர். பேய்களையே தாக்குவதாக அவர் நல்லெண்ணத்துடன் நம்பினார் என ஏற்று, செஷன்ஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தும் உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. இன்னும் சற்று எச்சரிக்கையாக இருந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்பதற்காக மட்டும் பாதுகாப்பை மறுக்க இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. இறந்த பெண்ணின் குடும்பத்திற்கு இத்தீர்ப்பு என்ன ஆறுதல் அளித்திருக்கும் என்ற கேள்வி எழவே செய்யும். குற்றவியல் சட்டம் அளப்பது இழப்பை மட்டுமன்று, இழைத்தவரின் மனநிலையையும் ஆகும். சட்டத்தை அறியாமை மட்டும் ஒருபோதும் எதிர்வாதமாகாது.

குற்றத்தை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை. விதிவிலக்கைக் கோருபவர் அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்றாலும், அவர்மீதுள்ள சுமை இலேசானது. நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும். சித்த சுவாதீனமின்மை பற்றிய 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பில், குற்றத்துக்குரிய எண்ணம் இருந்ததா என்பதில் நியாயமான ஐயம் எழுந்தாலே விடுதலைக்கு அது போதுமெனவும் உச்ச நீதிமன்றம் கூறியது.

இவ்வளவு வாய்ப்புகளும் விசாரணை நடந்தால்தான் பயன் தரும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளிலிருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இன்றி உள்ளே இருப்பவர்களும் இவர்களுள் உண்டு. 1978ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரின் வழக்கில், 10,000 ரூபாய் பிணை கேட்டதையும், பிணையாளின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென மறுத்ததையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தினக்கூலியை நம்பிய குடும்பத்தில் ஒருவர் ஆறு மாதம் உள்ளிருந்தால், தீர்ப்பு வருமுன்பே ஆடும் மாடும் விற்றுப்போகும். பிள்ளையின் படிப்பும் நின்றுவிடலாம்.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு இதற்கு ஓரளவு வழி செய்கிறது. உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை, முன்பு தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பகுதியை, சிறையில் கழித்த விசாரணைக் கைதி விடுவிக்கப்பட வேண்டும். திருட்டு வழக்கில் முதன்முறைக் கைதிக்கு இது ஓராண்டு. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலுள்ளவர்க்கும் இது பொருந்தாது. காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எதுவாயினும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் கைதியின் உறவினரே இதற்கு மனு அளிக்கலாம்.