நீர்மூழ்கிக் கப்பலும் அணு உலையும்

நெருப்பு எரிவதற்குக் காற்று வேண்டும் என்பது நாம் இளமையிலேயே கற்ற பாடம். நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தடையாய் நின்றதும் அதுவே. டீசல் எஞ்சினுடைய கப்பல் ஆழத்தில் மூழ்கியபின் பாட்டரியிற் சேமித்த மின்சாரங்கொண்டே ஓடவேண்டும். அது குன்றியதும் மீண்டும் காற்றை நாட வேண்டும். ஆதலின் பழைய நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீர்மேல் ஓடி, வேண்டும்போது மட்டும் மூழ்குவனவாயிருந்தன.

இத்தடையை நீக்கியது அணுச்சக்தி. யுரேனியத்தின் அணுக்கரு நியூட்ரானால் தாக்குண்டு பிளக்குங்கால் வெப்பம் தோன்றுகிறது. புதிய நியூட்ரான்களும் வெளிப்பட்டு வேறு கருக்களைப் பிளக்கின்றன. இஃது எரிதல் அன்று. எனவே காற்று வேண்டுவதில்லை. நியூட்ரானை விழுங்கும் கோல்களை உலையுள் இறக்கியும் ஏற்றியும் இத்தொடரை அடக்கியாள்வர். உலையிற் பாயும் நீர் பேரழுத்தத்தில் இருத்தலால், மிகச் சூடேறியும் கொதிப்பதில்லை. அது குழாய்களின் வழியே சென்று, தனியே உள்ள வேறு நீருக்குத் தன் வெப்பத்தை அளிக்கிறது. அவ்விரண்டாம் நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்ற, கப்பலை உந்தும் விசிறி சுழல்கிறது. பின்னர் அவ்வாவி கடலின் குளிர்ச்சியால் மீண்டும் நீராகும். இரு நீரும் ஒன்றோடொன்று கலத்தலாகாது. முதல் நீரிற் கதிரியக்கம் உண்டாதலின்.

இம்முறையில் முதன்முதல் ஓடியது அமெரிக்கரின் ‘நாட்டிலஸ்’. கடற்படை அதிகாரி ரிக்கோவர் இம்முயற்சியை முன்னின்று நடத்தினார். 1954 ஜனவரி 21-இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், 1955 ஜனவரி 17-இல் அணுச்சக்தியால் ஓடத்தொடங்கியது. 1958 ஆகஸ்டு 3-இல் பனிப்பரப்பின் கீழே மூழ்கியபடியே வடதுருவத்தைக் கடந்தது. எண்ணெயும் பாட்டரியும் கொண்ட கப்பலுக்கு அந்நெடும்பயணம் இயலாததாகும்.

இனி, ஆகாய விமானத்தையும் இவ்வாறு ஓட்டலாகாதோ எனின், அமெரிக்கர் அதனையும் ஆராய்ந்து, 1961-இல் கைவிட்டனர். கதிரியக்கத்தைத் தடுக்கும் கவசம் மிகக் கனமுடையது. கடல் அதனைத் தாங்கும். விமானத்துக்கோ அது பெருஞ்சுமை.

நிற்க. அணு உலையிடத்து நாம் மறக்கலாகாத இயல்பொன்று உண்டு. கோல்களை இறக்கி உலையை நிறுத்தினும், பிளவுண்ட துண்டுகள் தாமே சிதைந்து வெப்பத்தை ஈன்றுகொண்டேயிருக்கும். ஆதலின் குளிர்நீர் ஓயாது பாய்தல் வேண்டும். 1961 ஜூலை 4-இல் சோவியத் நாட்டின் ‘கே-19’ என்னும் நீர்மூழ்கியில் அக்குளிர்நீர் கசிந்து ஒழிந்தது. உலை உருகாதபடி காக்க மாலுமிகள் உலையறையினுட் புகுந்து, புதிய நீர்வழியொன்றை அமைத்தனர். கப்பல் பிழைத்தது, மாலுமிகளுள் 8 பேர் கதிரியக்கத்தால் சில வாரங்களுள் மாண்டனர்.

காற்றில்லாமலே வெப்பந் தரும் உலையை நாம் வியத்தல் தகும். அவ்வெப்பம் நாம் நிறுத்திய அளவில் நிற்பதன்று என்பதனை அவ்வெண்மரின் மரணம் நமக்கு உணர்த்துகின்றது.