சென்று சேராத தூது

தமிழ்ப் பிரபந்த வகைகளுள் தூது என்பதும் ஒன்று என நாம் அறிவோம். அன்னம், மயில், கிளி, முகில் முதலியவற்றுள் ஒன்றை விளித்து, அதன் பெருமையைப் பாராட்டி, தன் குறையை உரைத்து, மாலை வாங்கி வருமாறு தலைவி வேண்டுவதோடு நூல் முடிந்துவிடும். தூது சென்று சேர்ந்ததா, கேட்டவர் யாது செய்தார் என்பது கவிஞருக்குக் கவலையன்று. ஆனால் உயர்ந்த சாரங்களின்மீதும் உருக்குச் சட்டங்களின்மீதும் மனிதர் நின்று தொழில் செய்யும் இடங்களில், செய்தியை அனுப்பியதோடு கடமை முடிவதில்லை. அது சேரவேண்டியவரிடம் சேர்ந்து, வேலை நின்ற பின்னரே தூது நிறைவேறியதாகும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

கனடா தேசத்தில் கியூபெக் நகரை அடுத்து, செயின்ட் லாரன்ஸ் என்னும் பேராற்றின் குறுக்கே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் உருக்குப் பாலம் எழலாயிற்று. அதன் இரு பெருந்தூண்களுக்கு இடையேயுள்ள வெளி 1,600 அடி என முதலில் வகுக்கப்பட்டு, பின்னர் 1,800 அடியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அதற்கேற்பப் பாலத்தின் நிறையை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிட்டாரில்லை. பிழையின் வித்து இதுவே.

இப்பணிக்கு ஆலோசகராய், இறுதி முடிவு சொல்பவராய் இருந்தவர் தியோடர் கூப்பர் என்னும் புகழ்பெற்ற இஞ்சினீயர். உடல்நலக் குறைவால் 1903-க்குப் பின் அவர் பாலம் எழும் இடத்திற்குச் செல்லவில்லை. நியூயார்க் நகரில் இருந்தவாறே கடிதங்களாலும் தந்திகளாலும் வேலையை மேற்பார்த்து வந்தார். உருக்குச் சட்டங்களைச் செய்து பூட்டிய பீனிக்ஸ் பாலக் கம்பெனியின் தலைமை அலுவலகமோ பென்சில்வேனியா மாகாணத்துப் பீனிக்ஸ்வில் என்னும் ஊரில் இருந்தது. கூப்பரின் கண்ணாகப் பாலத்தின்மீது நின்றவர் நார்மன் மக்லூர் என்னும் இளம் பரிசோதகர். கல்லூரியை விட்டுச் சில ஆண்டுகளே ஆனவர். ஆபத்தைக் காண்பவர் ஓரிடத்திலும், அதனை ஆராய்ந்து தீர்ப்பளிப்பவர் வேறோரிடத்திலும் இருந்தனர் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாலத்தின் பாரத்தை ஏந்தும் அடிப்புறச் சட்டங்கள் சில வளைந்திருப்பதை மக்லூர் கண்டார். அவற்றுள் ஒன்று முன்பு முக்கால் அங்குலமே வளைந்திருந்தது. 27-ஆம் தேதி அளந்தபோது அவ்வளைவு இரண்டேகால் அங்குலமாகிவிட்டது. சட்டங்கள் பூட்டுவதற்கு முன்பே வளைந்திருந்தனவா, பூட்டிய பின் வளைந்தனவா என்று அதிகாரிகள் வாதித்தனர். வேலையை நிறுத்த எண்ணிய மேற்பார்வையாளரும் மறுநாள் அதனைத் தொடர்ந்தார். வேலை நின்றால் ஆட்கள் மனந்தளர்ந்து கலைந்து போவர் என்னும் அச்சமும் அவ்விடத்தில் இருந்தது.

மக்லூர் கூப்பருக்குக் கடிதம் எழுதியதோடு நில்லாமல், தாமே புகைவண்டி ஏறி 29-ஆம் தேதி முற்பகல் நியூயார்க் சேர்ந்தார். கூப்பர் ஆபத்தை உடனே உணர்ந்தார். உண்மைகளை ஆராயும்வரை பாலத்தின்மேல் மேலும் பாரம் ஏற்றலாகாது என்று தந்தி கொடுத்தார். ஆனால் அத்தந்தி சென்றது பீனிக்ஸ்வில்லுக்கு, கியூபெக்கிற்கு அன்று. பால இடத்திற்கும் செய்தி அனுப்பவேண்டும் என்பது அறிந்ததாயினும், அது அனுப்பப்படவில்லை. மக்லூர் மாலையில் பீனிக்ஸ்வில் சேர்ந்தார். அங்கே அதிகாரிகள் கூடிப் பேசி, மறுநாட் காலையில் முடிவு செய்வோம் எனக் கலைந்தனர்.

ஏறக்குறைய அந்நேரத்தில், அன்றைய வேலை முடியும் தறுவாயில், பாலம் இடிந்து ஆற்றில் வீழ்ந்தது. வீழ்வதற்கு ஆன நேரம் பதினைந்து விநாடிகளே என்பர். மேலே நின்ற 86 பேருள் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் காநவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் குடியினர். ஓர் ஊரின் எத்தனை இல்லங்களில் அன்றிரவு அழுகுரல் எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

இவ்வரலாற்றில் பரிசோதனை நடவாமல் இல்லை, அளவுகள் எடுக்கப்பட்டன. கடிதம் எழுதப்பட்டது, தந்தி கொடுக்கப்பட்டது, கூட்டமும் கூடிற்று. இல்லாதது யாது? ஆபத்தின்மீது நின்றவரிடம் செய்தி இல்லை. ஆபத்தைக் கண்டவரிடம் வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. ஆராய்ந்த அரச கமிஷன் கணக்கிலும் தீர்மானத்திலும் நேர்ந்த பிழைகளையே வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறியது. அப்பிழைகளால் பாலம் எவ்வாறேனும் வீழ்ந்திருக்கலாம்; ஆனால் தந்தி ஒன்று நேரே சென்றிருப்பின், வீழ்ந்தது ஆளில்லாப் பாலமாக இருந்திருக்கும்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, பரிசோதனையிற் கண்ட குறை ஏட்டில் எழுதப்படுவதோடு, யார், எப்பொழுது, அதனைத் தீர்க்கவேண்டும் என்பதும் உடன் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, கூட்டம் அலுவலகத்தில் மாத்திரம் கூடினாற் போதாது. நாள்தோறும் வேலை தொடங்குமுன் மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் யாவரும் சிறிது நேரம் ஒன்றுகூடி, அன்றைய வேலையின் அபாயங்களைத் தமக்கு விளங்கும் மொழியிற் பேசுதல் வேண்டும். அவர் சொல்வதையும் கேட்டல் வேண்டும். சாரத்தின் ஆட்டத்தை முதலில் உணர்வது அதன்மேல் நிற்கும் காலன்றோ! மூன்றாவது, உயிருக்கு உடனடி ஆபத்து உண்டெனத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, யாருடைய தந்திக்கும் காத்திராமல் விலகி நிற்க உரிமை பெறல் வேண்டும். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1988-இல் கட்டட வேலைக்கென இயற்றிய 167-ஆம் உடன்படிக்கை இவ்வுரிமையை வகுத்துள்ளது. உடனே மேலாளருக்கு அறிவிக்கும் கடமையையும் அதனோடு சேர்த்துள்ளது.

அதே இடத்தில் மீண்டும் கட்டிய பாலத்தின் நடுப்பகுதியும் 1916-இல் தூக்கி ஏற்றும்போது வீழ்ந்து 13 பேரைக் கொன்றது. 1917-இல் நிறைவுற்ற பாலம் இன்றும் நிற்கிறது. அதன் வகையிலான பாலங்களுள் 1,800 அடியாகிய அதன் நடுவெளியே இன்றளவும் உலகில் நீளமானது.

நம்முள் சிலர் நாளை இஞ்சினீயராவர். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து கடிதங்களைப் பெறுவர், விடுப்பர். நம் மேசைக்கு வரும் ஓர் ஓலையின் மறுமுனையில், உயரத்தில் ஒருவன் நின்று கொண்டிருக்கலாம். அனுப்பிவிட்டோம் என்று அமைதி கொள்ளாது, அவன் இறங்கிவிட்டானா என்று கேட்டறிவதே நம் கடனாகும்.