நனைந்த தானியமும் புதிய காரின் பில்லும்

கடைவீதியில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள்.

கார் ஷோரூமிலும் அந்த ஈரம் உண்டு. ஒரு விலை சொல்லி அட்வான்ஸ் வாங்கியபின் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ சேர்ப்பார்கள். தங்களிடமே இன்ஷூரன்ஸ் எடுக்கக் கட்டாயப்படுத்துவார்கள். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குரியவை. ஹேண்ட்லிங் சார்ஜ் அப்படியல்ல. இன்ஷூரன்ஸை நாம் விரும்பிய கம்பெனியில் எடுக்கலாம்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஷோரூமில் வேலைபார்க்கும் தம்பிகளே! இருவரும் மனமொப்பிச் செய்வதே வியாபாரம் என்கிறது சூரத்துன்னிஸாவின் 29ஆவது வசனம். மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமாகுமா?

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.