பனிக்காலத்தில் வீட்டுக்கோழி: எதை மூடணும், எதைத் திறக்கணும்?



நம் ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி. மேகம் இல்லாமல், காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்குவது நமக்குத் தெரிந்ததே. விடியும்போது புல்தரை உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தே கருகிப் போகும். நமக்கு ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாம் இருக்கு. வீட்டுக்குப் பின்னால் அடைகிற கோழிக்கு என்ன இருக்கு? அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் பன்னிரண்டு கோழிகள் உள்ளன. முட்டை விற்ற காசில்தான் எனக்கு நோட்டு, தம்பிக்கு ஷூ. அதனால் பனிக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கவலை. போன வருடப் பனியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரே வாரத்தில் ஐந்து கோழிகள் செத்துப் போயின. இத்தனைக்கும் அவர்கள் கூட்டைத் தார்ப்பாய் போட்டு ஒரு ஓட்டை கூட இல்லாமல் மூடி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த கால்நடை மருத்துவர், "இது குளிரால வந்தது இல்லீங்க. உள்ளே ஈரமும் எச்ச வாடையும் சேர்ந்து மூச்சுக்குழாய் கெட்டுப்போச்சு" என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது. பிறகு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், வீட்டில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. கோழி போட்டிருக்கும் ஸ்வெட்டர்

நம் உடல் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். கோழிக்குச் சுமார் 41 டிகிரி. வெளியே பூஜ்ஜியம் என்றால் 41 டிகிரி வித்தியாசத்தை அந்தச் சின்ன உடம்பு இரவு முழுக்கத் தாங்க வேண்டும். எப்படித் தாங்குகிறது?

இறகுதான் காரணம். மேல் இறகுக்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய தூவி இருக்கும். அதற்குள் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று ஓர் அரிதிற் கடத்தி என்று படித்திருக்கிறோம் அல்லவா? குளிரில் கோழி உடம்பைச் சிலிர்த்து உப்பிக்கொள்வது இன்னும் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கத்தான்.

இறகு இல்லாத இடங்கள் கொண்டை, தாடி, கால். கோழி கட்டையில் உட்காரும்போது வயிற்று இறகால் காலை மூடிக்கொள்ளும். தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும். பெரிய கொண்டை உள்ள சேவலுக்குத்தான் கடும் உறைபனியில் கொண்டை நுனி கறுத்துப்போகும் ஆபத்து உண்டு. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் நம்மைவிடப் பல மடங்கு குளிர். அங்கே ஓகா மடத்தில் இருந்த சகோதரர் வில்ஃப்ரிட் சாட்டலேன் என்னும் துறவி, கொண்டையும் தாடியும் மிகச் சிறியதாக இருக்கும்படி 'சாண்டெக்ளேர்' என்ற கோழி இனத்தையே உருவாக்கினார். கொண்டை வழியாக எவ்வளவு சூடு போகும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

2. அப்போ உண்மையான எதிரி யார்?

குளிர் மட்டும் என்றால், நல்ல இறகு உள்ள வளர்ந்த கோழி நம் ஊர்ப் பனியைத் தாங்கும். தாங்க முடியாதது இரண்டு: மேலே நேராக அடிக்கும் காற்று, ஈரம்.

காற்று அடித்தால் இறகு விலகி, உள்ளே பிடித்து வைத்த சூடு போய்விடும். ஈரமானால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனியில் நின்றால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

மழை உள்ளே வராத கூட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். கோழியிடமிருந்துதான் வருகிறது! ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கும். பன்னிரண்டு கோழி என்றால் 2,400 மில்லி, அதாவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர். முட்டைக்குள் போவது போக, மீதி எல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்தாக வேண்டும். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எல்லாம் எச்சத்தோடு சேர்ந்ததே. இரவு முழுக்க இந்த ஈரம் மூடிய கூட்டுக்குள் சேரும்.

ஈரமான எச்சத்தில் பாக்டீரியாக்கள் வேலை செய்து அம்மோனியா வாயுவை உண்டாக்கும். காலையில் கூட்டைத் திறந்ததும் கண் எரிகிற மாதிரி ஒரு காரநெடி வருமே, அதுதான். மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய இழைகளை அது கெடுத்துவிடும். பிறகு சளி, கொர் கொர் என்ற சத்தம், கண்ணில் நீர் எல்லாம் வரிசையாக வரும். நாம் நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குனிந்து கோழியின் தலை உயரத்தில் முகர்ந்து பார்க்கணும்.

ஆகவே பாடம் இதுதான்: காற்று மேலே அடிக்காமல் மூடு, ஈரக் காற்று வெளியே போகத் திற.

3. அம்மாயியும் கண்ணாடித் துண்டும்

எங்கள் அம்மாயிக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அது கீழ்நாடு, பனி தெரியாத ஊர். அவங்க சொல்றது ஒன்றே ஒன்றுதான்: "ஊதக்காத்து அடிக்குது சாமி, சாக்கு போட்டு நல்லா இறுக்கி மூடு. வாயில்லா ஜீவன்."

நான் எதிர்த்துப் பேசவில்லை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றின் ஓரத்தில் துணி சுற்றி, கூட்டுக்குள் கோழிக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். அன்று இரவு அம்மாயி சொன்னபடியே எல்லாப் பக்கமும் மூடினோம். காலையில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி வழிந்தது. தகரக் கூரையிலிருந்தும் சொட்டு சொட்டாகக் கோழி முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குச் சாக்கை விலக்கிவிட்டோம். காலையில் கண்ணாடியில் லேசான மங்கல் மட்டுமே இருந்தது.

அம்மாயி கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தாங்க. "அட, மழை வெளிய பேயலீங்கண்ணு, உள்ளதான் பேஞ்சிருக்குது" என்று சொல்லி, அவங்களே கத்தரிக்கோல் எடுத்து மேல்பக்கச் சாக்கை வெட்டிவிட்டாங்க. இந்தச் சோதனையை யார் வீட்டிலும் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

4. கூடு அமைக்கும் முறை

(அ) இடம்: குளிர்ந்த காற்று எடை கூடியது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். அதனால்தான் பள்ளத்துத் தோட்டத்தில் உறைபனி அதிகம். கூட்டை மேடான இடத்தில், காலை வெயில் விழும்படி வைக்கவும்.

(ஆ) சுவர்: மழையும் காற்றும் வரும் வடகிழக்குப் பக்கம் முழுவதும் அடைக்கவும். வாசல் தெற்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் இருந்தால் நல்லது.

(இ) காற்று வழி: கூரையை ஒட்டி, கோழி உட்காரும்போது அதன் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சாரல் அடிக்காதபடி கூரையை வெளியே நீட்டிவிடவும். கீரி, மரநாய், காட்டுப்பூனை நுழையாதபடி கம்பி வலை கட்டாயம் அடிக்கவும்.

(ஈ) கட்டை: தரையில் படுக்க விடக் கூடாது. தட்டையான, நாலு விரல் அகலமுள்ள கட்டை வைத்தால் கால் விரல் முழுவதும் வயிற்று இறகுக்குள் மறையும். இரும்புக் குழாய் வேண்டாம், அது சூட்டை உறிஞ்சிவிடும்.

(உ) தரை: மரச்சீவல், உமி, கடலைத் தோல் இவற்றில் கிடைப்பதை நாலு அங்குலத்துக்குக் குறையாமல் பரப்பவும். அடிக்கடி கிளறிவிடவும். ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம், மாற்ற வேண்டும். 

(ஊ) தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிடவும். இருட்டில் கோழி குடிக்காது. கொட்டி ஈரம் செய்யத்தான் உதவும்.

5. கரி அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது! மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். மலை ஊர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

பறவைக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். கோழிக்கு நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் உள்ளன. அதனால் காற்றில் இருப்பதை மிக வேகமாக உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும். இதே காரணத்தால்தான் ஜே.எஸ். ஹால்டேன் என்ற அறிஞரின் யோசனைப்படி பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் கேனரிப் பறவையைக் கூண்டில் எடுத்துப்போனார்கள். பறவை மயங்கினால் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். 1986-ல்தான் அதற்குப் பதில் மின்னணுக் கருவி வைக்க முடிவு செய்தார்கள். கோழிக்கூட்டில் அடுப்பு வைத்தால் நம் கோழிதான் கேனரி. அது மயங்கினால் தூக்கிக்கொண்டு ஓட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

6. தீனியும் தண்ணீரும்

உடம்பைச் சூடாக வைக்க எரிபொருள் வேண்டும். எனவே குளிர்காலத்தில் கோழி அதிகம் தின்னும்; குறைக்கக் கூடாது. அடைவதற்கு முன் சாயங்காலம் ஒரு கைப்பிடி மக்காச்சோளமோ கம்போ போட்டால் இரைப்பை நிறைந்து இரவு முழுக்கச் செரிமானச் சூடு கிடைக்கும். இறகு உதிர்ந்து முளைக்கும் கோழிக்குப் புரதம் தேவை, ஏனென்றால் இறகின் பெரும்பகுதி புரதம்தான். அதற்குக் கடலைப் பிண்ணாக்கு, உப்பு அதிகம் இல்லாத கருவாட்டுத் தூள் கொஞ்சம் தரலாம். காலையில் தண்ணீர் மேல் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்தால் அதைக் கொட்டிவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் நீர் வைக்கவும். தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் எடுக்காது.

7. முட்டை ஏன் குறையுது?

"குளிர்ல முட்டை உறைஞ்சுபோச்சா?" என்று தம்பி கேட்டான். இல்லை. முட்டை இடும் கோழிக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் முழு அளவில் முட்டை வரும். லண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரம் கூட இருக்காது. நமக்கு மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி. அதனால் நம்மிடம் குறையும், அடியோடு நிற்காது. குளிருக்குத் தீனி செலவாவதும், இறகு முளைப்பதும் மற்ற காரணங்கள். அது கோழிக்கு ஓய்வுக் காலம். "முட்டை போடல, அறுத்துடலாம்" என்று அவசரப்பட வேண்டாம். பகல் நீளும்போது மறுபடி இடும்.

8. குஞ்சுக்கு மட்டும் தனிச் சட்டம்

மேலே சொன்னது எல்லாம் வளர்ந்த கோழிக்கு. குஞ்சுக்கு இறகு இல்லை. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. பல்பு போட்டால் குண்டு பல்புதான் உதவும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. வயரைக் கோழி கொத்தாமலும், பல்பு உமியில் படாமலும் பெரியவர்களை வைத்துக் கட்டவும். பல்புக்கு அடியில் குஞ்சுகள் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம், பரவி மேய்ந்தால் சரி. தெர்மாமீட்டரே தேவையில்லை!

நினைவில் வைக்க:
* வெள்ளைக்கழிச்சல் நோய் குளிரால் வருவதல்ல, வைரஸால் வருவது. கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து போட்டே ஆகணும்.
* உப்பிக்கொண்டு வெயிலிலும் தனியாக நிற்கும் கோழியை உடனே பிரித்து வைக்கவும்.
* கூட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் கூட்டில் கண்ணாடிச் சோதனை செய்து, மூன்று நாள் பார்த்ததை எழுதுக.
2. பன்னிரண்டு கோழிக்கு இரண்டரை லிட்டர் என்றால், உங்கள் வீட்டுக் கோழிகள் ஒரு வாரத்தில் எத்தனை லிட்டர் குடிக்கும்?
3. நாம் போர்வைக்குள் முகத்தையும் மூடிப் படுத்தால் சிறிது நேரத்தில் மூச்சு முட்டுவது ஏன்? இதைக் கோழிக்கூட்டோடு ஒப்பிடுக.

விடைகளை இந்தத் தாளின் கீழே ஒட்டியுள்ள உறையில் போடுங்கள். சரியாகச் செய்தவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி