உதவி வளர்த்த கல்வி

ஏரியின் மதகு வழியே வந்த நீர் ஒரு வயலை நனைத்த அளவில் நின்றுவிடுவதில்லை. அடுத்த வயலையும் நாடிச் செல்கின்றது. கல்விக்குச் செய்யும் உதவியும் அத்தகையதே. இவ்வுண்மையை அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்மணியாகிய ஐனெசு பெவர்லி பிராசரின் வாழ்க்கை இனிது விளக்கும்.

ஐனெசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெக்சாசு மாநிலத்தில் பிறந்தார். அவர்தம் பெற்றோர்க்கு மக்கள் பதினொருவர். அவருள் ஒருவரைக் கல்லூரிக்கு அனுப்புதற்கே பெற்றோரிடம் பொருள் இருந்தது. மூத்த மகனாகிய லியோனை அனுப்ப அவர்கள் எண்ணினர். லியோனோ தன் தங்கையின் கல்வி வேட்கையை நன்கறிந்தவன். ஆதலின், தனக்குக் கிடைத்த வாய்ப்பைத் தங்கைக்கு அளிக்குமாறு பெற்றோரை வேண்டினான். அவர்களும் இசைந்தனர்.

1912ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சியை முடித்த ஐனெசு பள்ளி ஆசிரியரானார். தமையன் செய்த நன்றியை அவர் மறந்தாரல்லர். தம் உடன்பிறந்தாரின் படிப்புக்கென ஒரு நிதியை ஏற்படுத்தித் தம் ஊதியத்திலிருந்து பொருள் சேர்த்தார். அதன் பயனாக அவர்கள் அனைவரும் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை நிறைவு செய்தனர். ஐவர் கல்லூரிப் பட்டமும் பெற்றனர்.

ஐனெசு மேலும் கற்க விரும்பினார். ஆயினும், டெக்சாசில் கறுப்பினத்தவர் முதுகலை பயில அக்காலத்தில் இடமில்லை. எனவே, தொலைவிலுள்ள கொலராடோவுக்குச் சென்று, 1927இல் கல்வி உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் 1931இல், ராக்பெல்லர் நிறுவிய பொதுக்கல்வி வாரியத்தின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதன் துணையால் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1933இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆய்ந்த பொருள் யாது? இரு இனத்தவரும் கூடிப் பயிலும் பள்ளியிலும், கறுப்பினத்தவர்க்கென்றே அமைந்த பள்ளியிலும் கறுப்பினச் சிறுவரின் உள்ளம் எவ்வாறு வளர்கின்றது என்பதே. கூடிப் பயிலும் பள்ளியில் சிறுவர் சிலர் ஆசிரியரின் அன்பைப் பெறாது, தாம் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்தால் வாடுவதை அவர் கண்டார். ஒரே கூரையின்கீழ் அமரச் செய்தல் மட்டும் போதாது. மாணவரின் மனமும் மதிக்கப்பெறல் வேண்டும் என்பது இவ்வாய்வால் நாம் உணரத்தக்கது.

பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1934இல், மோட்டார் வண்டி விபத்தில் ஐனெசு உயிர்நீத்தார். கற்ற கல்வியின் முழுப் பயனையும் உலகுக்கு அளிக்க அவருக்குக் காலம் வாய்த்திலது. ஆயினும், அவர் பெயர் மறையவில்லை. உளவியல் பயிலும் நிறவினப் பெண்களுக்கு அவர் நினைவாக இன்று உதவித்தொகை வழங்கப்படுகின்றது.

தமையன் விட்டுக்கொடுத்த ஒரு வாய்ப்பு முதலில் தங்கையை உயர்த்தியது. அவரால் உடன்பிறந்தாரை உயர்த்தியது. இன்று முன்பின் அறியாத பலரையும் உயர்த்துகின்றது. மாணவர்களே! பிறர் உதவியால் கற்றவர், அவ்வுதவியைத் தம்மளவில் நிறுத்திவிடாது பிறர்க்கும் செலுத்துதலே உண்மையான நன்றியறிதல் என்பதை உளங்கொள்வீர்களாக.