விடிய விடிய ஆட்டமா? காது பத்திரம்!

நியூயார்க்கில் ஒரு பழைய கார் நிறுத்துமிடத்தில் 1977 முதல் 1987 வரை நடந்த நடன கிளப் ‘பாரடைஸ் கராஜ்’. டி.ஜே. லாரி லெவன் இசைத்தட்டைச் சுழற்ற, விடிய விடிய ஆட்டம்தான். ஆனால் மது விற்கவில்லை, பழமும் ஜூஸும்தான். வியர்த்து ஆடுகிற உடம்புக்கு அதுதானே நல்லது!

சரி, காது? 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் தாங்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதாரக் கணக்கு. உள்காதின் நுண்முடிச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது.

எனவே, ஸ்பீக்கருக்குத் தள்ளி நில்லுங்கள். காதடைப்பான் போடுங்கள். அடிக்கடி வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

மறுநாள் ‘ங்ஙொய்’னு சத்தம் கேட்டால் காதில் எண்ணெய் விடாதீங்க, அடங்கலேன்னா காது டாக்டரிடம் காட்டுங்கள். திடீர்னு கேட்பது குறைந்தால் அன்றைக்கே போங்க!